ரசமணி சுத்தப் பாதரசம் அல்ல

ரசமணி என்பது பாதரசத்தைக் கட்டியாக்கிச் செய்யும் மணி. "சித்தர் முறையில் கட்டிய ரசமணி சுத்தமான பாதரசம், விஷம் முறிந்தது, சுடுபாலில் போட்டுக் குடிக்கலாம்" என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

பாதரசம் உறைவதே மைனஸ் 39 டிகிரியில். சிங்கப்பூர்ச் சூட்டில் அது தனியாகக் கட்டியாக நிற்க வழியில்லை. இரும்புச் சட்டியில் துருசு (செம்பு சல்பேட்), உப்போடு பாதரசத்தை அரைக்கும்போது இரும்பு கரைந்து துருசிலுள்ள செம்பைப் பிரிக்கிறது. அந்தச் செம்பு பாதரசத்தில் கலந்து, முதலில் வெண்ணெயாகக் குழைந்து, பிறகு இறுகுகிறது. ரசவாதிகளின் கைத்திறன் அருமையானதுதான், ஆனால் பாதரசம் எங்கும் போகவில்லை. சூடேற்றினால் மணியில் துளித்துளியாக வியர்க்கும், ஆவியாகும். தங்கச் சங்கிலியிலும் கோக்க வேண்டாம், உரசும் இடம் வெளுக்கும். உடைந்தால் துடைப்பம், வேக்குவம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, அட்டையால் திரட்டி, போத்தலில் இறுக மூடுங்கள்.