பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன்

முந்தாநாள் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் விட்டுவிடுங்கள், அதைத் திரும்ப இங்கே எடுத்துப் போட்டு இன்னொரு சுற்று ஓடவிட எனக்கு விருப்பமில்லை. செல்வராகவன் இயக்கிய 'இரண்டாம் உலகம்' படத்தை மறுபடி பார்த்தேன், இப்போதும் மனசுக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என் பெயரைக்கூட மறைக்காமல், "இவரெல்லாம் சினிமாவைப் பற்றி எழுதுகிறார்" என்று போட்டிருக்கிறார் ஒருவர். முகம் தெரியாத ஆள் இல்லை. என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கீழே வந்து சிரித்துவிட்டுப் போனவர்களிலும் பலர் என் நட்பில் இருப்பவர்கள்தான்.

பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னேன். சிறந்த படம் என்று சொல்லவில்லை. நீங்களும் பாருங்கள் என்று யாரையும் கூப்பிடவில்லை. உங்களுக்குப் பிடிக்காதது தப்பு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். இதில் எந்த இடம் உங்களுக்குக் கோபமூட்டியது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டும்.

படத்தின் குறைகளை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2013 நவம்பரில், வந்த வாரத்திலேயே தியேட்டரில் பார்த்தவன் நான். கிராஃபிக்ஸ் பல இடங்களில் கண்ணை உறுத்தும். அந்த இன்னொரு உலகத்து ஆட்களின் வாயசைவும் தமிழும் ஒட்டவே ஒட்டாது. நம் உலகத்துக் கதையும் அந்த உலகத்துக் கதையும் மாறி மாறி வரும்போது ஒன்றில் மனம் ஊன்றுவதற்குள் இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். என் பக்கத்து வரிசையில் இருந்த பையன்கள் இடைவேளைக்கு எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. எல்லாம் சரி. இத்தனையும் தெரிந்துதான் பிடித்திருக்கிறது.

ஏன் பிடித்திருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காதல் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் உலகம். பெண் என்றால் உடைமை என்று நினைக்கிற ஆண்கள். அங்கே வாளெடுத்துப் போராட ஆசைப்படுகிற வர்ணா என்ற பெண். அவளை அடைய வேண்டும் என்று மட்டும் தெரிந்த, அவள் மனசைக் கேட்க வேண்டும் என்று தெரியாத மருவன். இந்தப் பக்கம், படுத்த படுக்கையாய் இருக்கும் அப்பாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற மது. அவனிடம் தானே போய்க் காதலைச் சொல்கிற டாக்டர் ரம்யா. அவள் இறந்துபோகிறாள். அவன் தேடிக்கொண்டு போகிறான், இந்த உலகத்தையே தாண்டிப் போகிறான். செத்துப்போன ஒருத்தியை இன்னோர் உலகத்தில் தேடிப் போகிறவனின் கதையை, ஜார்ஜியாவின் மலைகளுக்கு நடுவே, இவ்வளவு பணத்தைக் கொட்டித் தமிழில் ஒருவர் எடுத்திருக்கிறார். அது எனக்குப் பெரிய விஷயம். ஹாரிஸ் ஜெயராஜின் இசையில் எஸ்.பி.பி. பாடிய 'என் காதல் தீ' எங்கே கேட்டாலும் நான் நின்றுவிடுவேன். அனுஷ்கா அந்த இரண்டு பெண்களையும் இரண்டு வேறு உடம்புகளாக நடித்திருப்பார். ஒருத்தி நடக்கும் விதம் இன்னொருத்திக்கு வராது. அதை யாராவது பேசினீர்களா? கிராஃபிக்ஸ் சிங்கத்தைப் பற்றி மட்டும் மீம் போட்டீர்கள்.

எனக்கு ஆதரவாக வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனசோடுதான் வந்தீர்கள், நன்றி. ஆனால் "கவலைப்படாதீங்க, இன்னும் பத்து வருஷத்தில் இதையும் கொண்டாடுவாங்க" என்று நீங்கள் எழுதியது எனக்கு ஆறுதலாக இல்லை. எடுத்துக்காட்டுகளும் அடுக்கியிருந்தீர்கள். 1991 தீபாவளிக்குத் 'தளபதி'யோடு வந்து அடிபட்ட 'குணா'வின் பாட்டுக்கு, 2024இல் அதைப் பயன்படுத்திய 'மஞ்சுமெல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் ஓடிய தியேட்டர்கள் அதிர்ந்தன. 2003 பொங்கலுக்கு வந்து ஓடாத 'அன்பே சிவம்' இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. 2010இல் பலருக்குப் புரியவில்லை என்று ஒதுக்கப்பட்ட 'ஆயிரத்தில் ஒருவன்' மறுவெளியீடு வரை போனது. எல்லாம் உண்மை, எனக்கும் சந்தோஷம். ஆனால் 'இரண்டாம் உலகம்' கடைசிவரை கொண்டாடப்படாமலே போனால்? அப்போது நான் அதை நேசித்தது தப்பாகிவிடுமா? பின்னால் ஊரே ஒத்துக்கொள்ளும் என்று நம்பித்தான் நான் பார்க்கிறேன் என்றால், அங்கேயும் ஊரின் சம்மதத்துக்குத்தானே காத்திருக்கிறேன்? எனக்கு அது வேண்டாம். யாருமே ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இதே கேலியை என் அப்பா பல வருஷம் வாங்கினார்.

அப்பாவுக்கு 'பாபா' உயிர். 2002 ஆகஸ்டில் ரஜினி தானே கதை எழுதித் தயாரித்த படம். ஓடவில்லை என்பதும் விநியோகஸ்தர்களுக்கு அவர் பணம் திருப்பிக் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். அப்பா அந்தக் கணக்குக்குள் போகவே மாட்டார். அதில் பட்டம் வரும் காட்சி ஒன்று இருக்கிறது. வரமாகக் கிடைத்த மந்திரம் உண்மையா என்று பார்க்க, வானத்தில் பறக்கிற பட்டம் தன் கைக்கு வரவேண்டும் என்று நினைத்துப் பார்ப்பான் பாபா. கிடைத்தற்கரிய வரத்தை இப்படியா வீணாக்குவது என்று ஊரே சிரித்தது. அப்பா சொல்வார்: "கடவுளே நேர்ல வந்து கொடுத்தாலும் மனுஷன் முதல்ல சோதிச்சுத்தான் பார்ப்பான். அந்தாளு சரியாத்தான் எடுத்திருக்காரு." எந்த விமர்சனத்திலும் இதைவிட நல்ல வரியை அந்தப் படத்தைப் பற்றி நான் படித்ததில்லை.

மாமாக்களும் சித்தப்பாக்களும் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இது ஒரு விளையாட்டு. "என்ன மாப்ள, இன்னிக்கு பாபா போடலையா?" என்று அந்தப் படத்தில் வரும் முத்திரைபோல இரண்டு விரலை மடக்கிக் காட்டிச் சிரிப்பார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அப்பாவும் கூடவே சிரிப்பார். ஆனால் கொஞ்ச நாளில், டிவியில் 'பாபா' வந்தால் அவர் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். யாராவது உள்ளே வந்தால் ரிமோட்டை எடுத்துச் செய்திக்கு மாற்றிவிடுவார். சொந்த வீட்டில், சொந்தக் காசில் வாங்கிய டிவியில். சின்னப் பையனாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

2022 டிசம்பரில் 'பாபா' மறுபடி தியேட்டருக்கு வந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டிச் சுருக்கி, முடிவையும் மாற்றியிருந்தார்கள். கூட்டம் விசில் அடித்தது, அப்பா அமைதியாகவே இருந்தார். வெளியே வந்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எம்படத்துல கொஞ்சத்தைக் காணோம்டா" என்றார். இருபது வருஷம் கேலி செய்தவர்களுக்கு ஏற்றபடி படம் திருத்தப்பட்டுவிட்டது. அத்தனை வருஷமும் அதை அப்படியே நேசித்த மனிதரை யாரும் நினைக்கவில்லை.

சரி, எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"விமர்சனமே கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 2024இல் 'கங்குவா' வந்த சமயத்தில், படம் வெளியாகி முதல் மூன்று நாளைக்கு விமர்சனம் வெளியிடத் தடை வேண்டும் என்று நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அது தப்பு என்று இதே பக்கத்தில் எழுதியவன் நான். காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்குத் திட்டுகிற உரிமை இருக்கிறது. குடும்பத்தோடு போய் ஒரு மாலைக்குள் பெரிய தொகையைச் செலவழிக்கிறவனுக்கு, போகலாமா வேண்டாமா என்று நேர்மையாகச் சொல்ல ஆள் வேண்டும். படத்தைக் கிழியுங்கள். பிடித்தவனை எதற்குக் கிழிக்கிறீர்கள்? விமர்சனம் படத்தைப் பற்றியது. நீங்கள் போட்டது என்னைப் பற்றியது.

"செல்வராகவன் ரசிகர், அதனால் முட்டுக் கொடுக்கிறார்" என்று ஒருவர். அவருடைய 'என்.ஜி.கே.' வந்தபோது நான் எழுதியதைப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

"இந்த மாதிரிப் படங்களை ஆதரித்தால் இதே மாதிரிதான் எடுப்பார்கள்" என்கிறார்கள். இந்தப் படத்துக்குப் பிறகு தமிழில் இந்த அளவுக்கு யார் துணிந்து கற்பனை உலகம் படைத்தார்கள்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தோற்றதும் எல்லோரும் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பழைய படம் ஒன்றைப் பார்த்து அழுவதால் தமிழ் சினிமா கெட்டுப்போகாது.

என்னை உண்மையாகவே வருத்தப்படுத்தியது இன்னொன்று. "எல்லோருக்கும் பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்வதே தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்." இதை எழுதியவருக்கும் இதற்கு லைக் போட்டவர்களுக்கும் சொல்கிறேன். தனியாகத் தெரிய ஆசைப்படுகிறவன் வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிய, யாரும் பார்க்காத படத்தின் பெயரைச் சொல்வான். சொன்னால் நாலு பேர் "ஓ, அப்படியா" என்று மதிப்பாகப் பார்ப்பார்கள். ஓடாத தமிழ்ப் படத்தைப் பிடிக்கும் என்று சொல்பவனுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது? எனக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தீர்களே. இந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அது நடிப்பு என்கிறீர்கள். என்ன படம் எடுக்க வேண்டும் என்று இயக்குநருக்குச் சொன்னீர்கள், சரி. என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னீர்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். இப்போது எனக்குள்ளே என்ன நடக்கிறது என்பதையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். இதற்குப் பெயர் ரசனையா?

கொஞ்ச காலமாகவே இதைக் கவனித்து வருகிறேன். படம் முடிந்து விளக்கு போட்டதும் முன்பெல்லாம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்போம். இப்போது போனைப் பார்க்கிறோம். மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் "எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்கு வாய் திறக்கிறோம். என்னோடு ஒரு படத்துக்கு வந்த நண்பர், உள்ளே கண்ணைத் துடைத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரவு பார்த்தால் "இழுவை, நேர விரயம்" என்று பதிவு போட்டிருக்கிறார். இடைப்பட்ட நாலு மணி நேரத்தில் அவர் வேறு நாலு பேருடைய பதிவுகளைப் படித்திருக்கிறார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. நான் அவரைக் கேலி செய்யவில்லை. அவர் அழுததை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வழியில்லை, வழி இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

அந்த நண்பர்தான் முந்தாநாள் என்னுடையதை எடுத்துப் போட்டவர். சொல்ல வேண்டாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன், சொல்லிவிட்டேன்.

இதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. யாரையும் நட்பிலிருந்து நீக்கப் போவதில்லை, என் பதிவையும் எடுக்கப் போவதில்லை. இன்னும் யாரெல்லாம் சத்தத்தைக் குறைத்து வைத்து என்னென்ன படம் பார்க்கிறார்களோ என்று நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பலரும் கேலி செய்யும் விஜய் படமான 'சுறா' பிடிக்கும் என்று ஒரு தங்கை இன்பாக்ஸில் வந்து சொன்னாள். வெளியே சொல்ல வெட்கமாம். எதற்கம்மா வெட்கம்? யாருடைய சொத்தைத் திருடினாய்? இங்கேயே, கீழே, உன் பெயரிலேயே சொல்.

"உங்கள் பிள்ளைக்கும் இதைத்தான் காட்டி வளர்ப்பீர்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காட்டினேன். போன மாதம்தான், நானும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். சிங்கத்தோடு மருவன் மோதுகிற இடம்வரை கண்ணெடுக்காமல் பார்த்தாள். அதற்கப்புறம், "அப்பா, போரடிக்குது, எனக்குப் பிடிக்கலப்பா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத் துளிகூட வலிக்கவில்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றுதான் அவள் சொன்னாள், 'உனக்கு எப்படிப் பிடிக்கிறது' என்று கேட்கவில்லை. மீதியை நான் தனியாகப் பார்த்து முடித்தேன், வழக்கமான சத்தத்திலேயே. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் படத்தை நான் முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பார்க்கப் போகிறேன்.