சித்தப்பா மகன் உடன்பிறந்தவர் ஆகமாட்டார்
கனடாவில் உறவினர் இருந்தாலே அங்கே குடியேறுவதற்கான திறன்பணியாளர் விண்ணப்பம் வலுப்பெறும் என்று கனடாக் குடியேற்றம் பற்றிய கட்டுரை ஒன்று பொதுப்படையாகக் கூறுவதில் ஒரு திருத்தம் தேவை. 100க்கு 67 மதிப்பெண் கேட்கும் தகுதிக் கணக்கில், அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்று வாழும், 18 வயது நிறைந்த பெற்றோர், உடன்பிறந்தோர், மாமா, அத்தை போன்றோரில் ஒருவர் இருந்தால் 5 மதிப்பெண் உண்டு; ஆனால் விண்ணப்பதாரர்களைப் புள்ளிகளால் வரிசைப்படுத்தி அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (Express Entry) தரவரிசையிலோ உடன்பிறந்தவருக்கு மட்டுமே 15 புள்ளிகள். மார்த்தாண்டம் பக்கத்தில் சித்தப்பா மகனையும் அண்ணன் என்றே அழைக்கிறோம் (அழைப்பதில் பிழையில்லை). அந்தப் பழக்கத்திலேயே படிவத்தையும் நிரப்பிய என் நண்பர் ஒருவர், பெற்றோர் பெயர் ஒத்திருக்கும் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோதுதான் தவறை உணர்ந்தார். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுத் தடை விழும். மனைவியின் உடன்பிறந்த தங்கை அங்கிருந்து, மனைவியும் உடன் குடியேறுவதாக இருந்தால், அதே 15 புள்ளிகள் கிடைக்கும். அதை எழுதாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.