லாரிய எண்ணினவங்க எழுதின திட்டம்

இங்க கலிபோர்னியால, சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியால நம்ம பசங்க ஹைஸ்கூல் வந்ததுமே வாலன்டியர் ஹவர்ஸ் சேக்க ஆரம்பிச்சிடுறாங்க, காலேஜ் அப்ளிகேஷனுக்கு வேணும்ல, அப்புறம் நல்ல வேலைல உக்காந்ததும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. வேலை வேற சேவை வேறன்னு மனசுல பதிஞ்சு போச்சு. போக்குவரத்து, காத்து மாசு சம்பந்தமான வேலைலயே காலத்த ஓட்டிட்டு இருக்கறவன் நான். எங்க துறைல அந்தப் பிரிவினை செல்லவே செல்லாது.

இங்க ஓக்லாந்து ஊர்ல இருக்கற மேற்கு ஓக்லாந்த எடுத்துக்கங்க. ஒரு பக்கம் துறைமுகம், மத்த பக்கம் பூரா ஹைவே. 1950கள்ல சைப்ரஸ் ஃப்ரீவேன்னு ரெண்டடுக்குப் பாலத்த கறுப்பின மக்கள் குடியிருந்த இடத்துக்கு நட்ட நடுவுல கட்டினாங்க. 1989 பூகம்பத்துல அது இடிஞ்சு 42 பேர் செத்தாங்க. திரும்பவும் அங்கயே கட்டக்கூடாதுன்னு போராடி ரூட்ட மாத்த வெச்சது அந்த ஏரியா ஜனங்கதான். இப்ப அந்த இடத்துல மண்டேலா பார்க்வே, நடுவுல மரம், நடைபாதை. ஆனா லாரிப் புகை பிரச்சனை போகல. மலைப்பக்கமா போற 580 ஹைவேல பெரிய லாரிக்குப் பல காலமா தடை, அதனால அத்தனையும் கீழ 880 ஹைவேலதான் ஓடுது, ஏழை ஜனங்க வீட்டுப் பக்கமா.

அங்க மார்கரெட் கார்டன்னு ஒரு அம்மா. வீட்டு வேலை பாத்துப் பொழச்சவங்க. அவங்களும் அக்கம்பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து தெரு முனைல நின்னு லாரிய எண்ணினாங்க, எத்தன வருது, எது எங்க இன்ஜின ஆஃப் பண்ணாம நிக்குதுன்னு. 2003ல அது ரிப்போர்ட்டாவே வந்துச்சு. அப்புறம் அந்தம்மாவே துறைமுக கமிஷனர் ஆனாங்க. துறைமுக லாரிக்குக் கலிபோர்னியா அரசு கடுமையான விதி போட்டுச்சு, பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் பாலத்து மேல கருவிய வெச்சு கீழ போற லாரிப் புகைய இழுத்து அளந்தாங்க. 2009லேர்ந்து 2013க்குள்ள ஒரு லாரி சராசரியா கக்குற கரித்துகள் 76 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு!! கொழந்தைங்க மூச்சுல போகாத கரி அது.

காத்து மாச அளக்க ஏரியாவுக்கு ஒண்ணுன்னு வெச்ச நிலையம் மொத்தத்துக்கும் ஒரு நம்பர்தான் தரும். கூகுள் கார்ல கருவி மாட்டி இதே ஓக்லாந்து தெருக்கள்ல ஓட்டிப் பாத்து 2017ல வெளியிட்டப்ப, ஒரே பிளாக்குக்குள்ளயே மாசு பல மடங்கு ஏறி இறங்குறது தெரிஞ்சுது. அங்க குடியிருக்கறவங்களுக்கு இது புதுசா என்ன, ஜன்னல் கட்டைய தொடைச்சா துணி கறுப்பாகுதே.

ஏரியா மீட்டிங்க்கெல்லாம் போனா நடுநிலை போயிடும்னு எங்க துறைலயே சில பேர் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். மேப்ப மட்டும் பாத்தவங்கதான் வீடுங்க நடுவுல ஃப்ரீவேய எறக்கினாங்க, அதுல என்ன நடுநிலை இருந்துச்சு? 2019ல மேற்கு ஓக்லாந்து காத்துத் திட்டத்த அரசோட காத்து வாரியமும் மார்கரெட் அம்மாவோட ஏரியா அமைப்பும் கூட உக்காந்து எழுதினாங்க. எந்தத் தெருவுல லாரி போகலாம், எங்க நிறுத்தலாங்கற அளவுக்கு அதுல பேசியிருக்காங்க. ஆஃபீஸ்ல தனியா உக்காந்து யோசிச்சா இதெல்லாம் வராது.

எல்லாருமே கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிக்கணும்னு இல்ல. சிவில், கெமிஸ்ட்ரி, பப்ளிக் பாலிசி, சட்டம், எதுலேர்ந்தும் இந்த வேலைக்கு வரலாம். காத்து வாரியக் கூட்டத்துக்கு யார் வேணா போய்ப் பேசலாம், அதனால பசங்கள ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. படிப்பு, வேலை பத்திக் கேக்கணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, தெரிஞ்சத கண்டிப்பா சொல்றேன்.