ஆற்றுக்குள் வேலை செய்ய அனுமதி தருகிறீர்களா? நிபந்தனையில் எண் எழுதுங்கள்

பாலத்துக்குத் தூண் எழுப்புவதோ, கரையைக் கட்டுவதோ, அடியில் குழாய் பதிப்பதோ, எதுவானாலும் அனுமதி கிடைத்ததா இல்லையா என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்த அனுமதியோடு இணைத்திருக்கும் நிபந்தனைகளைப் படிப்பவர்கள் குறைவு. என் கவலையெல்லாம் அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்தின் 404-ஆம் பிரிவுப்படி, ஆற்றிலோ ஈரநிலத்திலோ மண்ணும் கல்லும் கொட்ட ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். 401-ஆம் பிரிவு இன்னொரு படி போகிறது. எங்கள் நீரின் தரம் இதனால் கெடாது என்று மாநிலம் சான்று தர வேண்டும். மறுத்துவிட்டால் மத்திய அரசு அனுமதி தர முடியாது. சான்றில் மாநிலம் விதிக்கும் நிபந்தனைகள் அந்த மத்திய அனுமதியின் பகுதியாகவே ஆகிவிடும். தகுதி பெற்ற பழங்குடி அரசுகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு. ஒரே ஒரு கெடு: ஓராண்டுக்குள் முடிவு சொல்லாவிட்டால் உரிமை போய்விடும்.

சரி, இவ்வளவு பெரிய அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதுகிறோம்? 'நீர் மாசுபடாமல் தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் அது நிபந்தனையே இல்லை. எது தகுந்தது என்று களத்தில் யார் முடிவு செய்வது? ஒப்பந்தக்காரரா?

வாஷிங்டன் மாநில விதியில் எண் இருக்கிறது. சால்மன் மீன்கள் முட்டையிடும் நீர்நிலையில் இயல்பான கலங்கல் 50 என்டியு (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) வரை இருந்தால், வேலையால் அதற்கு மேல் 5 என்டியுதான் கூடலாம். எங்கே அளப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது. நொடிக்கு 10 கன அடிக்குள் ஓடும் ஓடையில் வேலை நடக்கும் இடத்திலிருந்து 100 அடி கீழே, 100 கன அடிக்கு மேல் ஓடும் ஆற்றில் 300 அடி கீழே. கருவியை நீரில் வைத்தால் விடை தெரிந்துவிடும். வாதாட ஒன்றுமில்லை.

கலங்கலுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சால்மன் மீன் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடுகிறது. கற்களின் இடுக்கு வழியாக ஓடும் நீர்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது. நுண்ணிய வண்டல் அந்த இடுக்குகளை அடைத்தால் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். மேலிருந்து பார்த்தால் ஆறு மறுநாளே தெளிந்திருக்கும், சேதம் அடியில் கிடக்கும். அதனால்தான் முட்டையும் குஞ்சும் இல்லாத மாதங்களில் மட்டும் நீருக்குள் இறங்கலாம் என்று தேதி குறிக்கிறார்கள். அந்தத் தேதியை நீட்டித் தரக் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

அப்புறம் கான்கிரீட். இறுகாத கான்கிரீட்டைத் தொட்ட நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12-ஐத் தாண்டலாம்; அது கடும் காரம். மீனின் செவுளை அது புண்ணாக்கிவிடும். தூணைச் சுற்றித் தற்காலிகத் தடுப்பு கட்டி, உள்ளே தேங்கும் நீரைக் கரைக்கு இறைத்து, தெளியவைத்து, பிஎச் பார்த்த பிறகே ஆற்றில் விட வேண்டும். வண்டல் தடுப்புத் திரை போட்டுவிட்டோம் என்று சொல்வது மட்டும் போதாது. வேகமாக ஓடும் நீரில் அந்தத் திரை நிற்காது.

தரம் என்றால் ரசாயனம் மட்டும்தான் என்று வாதிடுபவர்களுக்கு 1994-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. டோஸ்வாலிப்ஸ் ஆற்று நீர்மின் திட்டத்தில், ஆற்றில் குறைந்தபட்சம் இவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் விதித்த நிபந்தனை செல்லும் என்றது. நீரே ஓடாத ஆற்றுக்கு என்ன தரம்? மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2020 விதி மாநிலங்களின் இந்த அதிகாரத்தைச் சுருக்கியது, 2023 விதி மீண்டும் விரித்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் இழுபறிதான். அதற்காகவே, கையில் அதிகாரம் இருக்கும்போது மாநிலங்கள் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதிவிட வேண்டும் என்கிறேன்.

நான் கேட்பது மூன்று: எவ்வளவு கூடலாம் என்ற எண், எங்கே எத்தனை மணிக்கொருமுறை அளப்பது என்ற விவரம், மீறினால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தும் கட்டளை. அளவீட்டை ஒப்பந்தக்காரரே எழுதிவைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றன்றைய அளவு அன்றே மக்கள் பார்க்கும்படி வெளிவர வேண்டும். பெரிய வேலைகளுக்கான தனி அனுமதி என்றால் ராணுவப் பொறியாளர் படை பொது அறிவிப்பு வெளியிட்டு, கருத்துச் சொல்ல 15 முதல் 30 நாள் தருகிறது. அங்கே வசிக்கும் நண்பர்கள் உங்கள் பகுதி அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். இந்த மூன்றில் எது இல்லையோ அதைக் கேட்டு எழுதுங்கள்.