முத்தச் சத்தப் பாட்டு யாருடையது?

கல்லடிப் பாலத்தில் ஓட்டோக்கள் அலறவிட்டுப் போகும் அந்த முத்தச் சத்தப் பாட்டைப் பற்றி, மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. அவுஸ்திரேலியப் பாடகி ஹொலி வலன்ஸ் பாடிய ஆங்கிலப் பாட்டைத் துருக்கிப் பாடகர் தார்க்கான் திருடிவிட்டாராம்.

கதை தலைகீழ். தார்க்கானின் 'ஷிமரிக்' 1997இலேயே வந்துவிட்டது. எழுதியவர் துருக்கியின் பெரிய பாடகி செசென் அக்சு. ஹொலி வலன்ஸின் 'கிஸ் கிஸ்' 2002இல் வந்த மறுஆக்கம். பிரித்தானியாவில் முதலிடம் பிடித்ததால் அதுவே மூலம் என்று பலர் நினைத்துவிட்டார்கள். அந்த முத்தச் சத்தமும் துருக்கிப் பாட்டில் இருந்ததுதான்.

தார்க்கான் ஐரோப்பாவையே அறியாதவர் என்றும் அந்தக் குரல்பதிவு சொல்கிறது. அதுவும் சரியில்லை. 1972இல் மேற்கு ஜேர்மனியின் அல்ஸாய் நகரில், துருக்கியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில்தான் துருக்கிக்குப் போய் அந்நாட்டு மரபிசை படித்தார். முதல் அல்பம் 1992இல். ஐரோப்பிய நடனத் தாளத்தின் மேல் கீழைத்தேயக் குழைவு அவர் குரலில் ஏறுவது அப்படித்தான். 2006இல் ஆங்கில அல்பமும் போட்டார். என் காதுக்குத் துருக்கி மொழிப் பாட்டுகள்தான் இனிக்கின்றன.

குரல்பதிவை எனக்கு அனுப்பிய மருமகனுக்கும் இதையே திருப்பி அனுப்பினேன். இன்னும் நீல டிக் விழவில்லை.