பெஸ் விழுந்தது உரிமத்தால் அல்ல

கிளப்புகளின் நிஜப் பெயர்களைப் பயன்படுத்தும் உரிமங்கள் போட்டி வீடியோ கேமான ஈஏ நிறுவனத்தின் ஃபிஃபாவிடம் போனதால்தான் கொனாமியின் கால்பந்து வீடியோ கேமான ப்ரோ எவல்யூஷன் சாக்கர் (பெஸ்) வீழ்ந்தது என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. உச்சத்தில் இருந்த 2006-லும் பெரும்பாலான இங்கிலாந்து கிளப்புகளின் உரிமங்கள் அதனிடம் இல்லை. பெஸ் 6-ல் லிவர்பூல் 'மெர்சிசைட் ரெட்', செல்சி 'லண்டன் எஃப்சி'. அதற்காக யார் விளையாடாமல் இருந்தோம்? பிரேசில் வீரர் அட்ரியானோவின் இடது காலுக்குப் பந்து போய்விட்டால் போதும், எவ்வளவு தூரத்திலிருந்தும் வலை கிழியும். ஒரு கிளப்பை நாமே நடத்தி வளர்க்கும் மாஸ்டர் லீக் பகுதியில் காஸ்டோலோ, மினாண்டா என்று நிஜத்தில் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வெற்றியாகச் சேர்த்த ராத்திரிகளை மறக்கவே முடியாது.

உண்மையான சறுக்கல் பிளேஸ்டேஷன் 3 காலத்தில்தான். பெஸ் 2008 அதில் திக்கித் திணறி ஓடியது. ஃபிஃபாவோ அந்தச் சமயத்தில் ஆட்டத்தையே செதுக்கிக்கொண்டிருந்தது. 2009-ல், வீரர்களின் கார்டுகளைச் சேர்த்து அணி கட்டும் அல்டிமேட் டீமும் அதில் வந்துவிட்டது. அப்புறம் 2021-ல் கொனாமி பெயரையே இஃபுட்பால் என்று மாற்றி இலவசமாக விட்டது. கோணிப்போன முகங்கள், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு அணிகள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதைக்கூடப் பிற்பாடு சரிசெய்தார்கள். மாஸ்டர் லீக்கை எடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.