தம்பியின் பெயரையும் சேர்த்திருக்கலாம்

ஓவியர் ராஜா ரவி வர்மா வரைந்த அரசர்களின் உருவப்படங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. ஆனால் ரவி வர்மா எல்லாவற்றையும் தனியாகவே கற்று, தனியாகவே வரைந்தார் என்பதுபோல எழுதியிருப்பது எனக்கு உறுத்துகிறது.

திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணத்தில் வரையத் தெரிந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் அவருக்குச் சொல்லிக்கொடுக்க மனம் வைக்கவில்லை என்பார்கள். 1868-இல் ஆயில்யம் திருநாள் மகாராஜாவை வரைய ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் வந்தபோது, ரவி வர்மாவுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதி. பார்த்தே பிடித்துக்கொண்டார் அந்த இளைஞர். சரி, அந்தத் திறமை அவருடையதுதான். அப்புறம் பரோடா, மைசூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனபோது கூடவே போய் உழைத்தவர் தம்பி ராஜ ராஜ வர்மா. இயற்கைக் காட்சிகளில் கைதேர்ந்தவர். அண்ணனின் பல படங்களில் பின்னணி அவர் கைவண்ணம். அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் இந்தச் சகோதரர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதே நமக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

மைசூர் ஜெகன்மோகன் அரண்மனையில் இந்தப் படங்களின் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். முத்துமாலையின் மினுக்கும் பட்டின் மடிப்பும் கண்ணை இழுக்கும். இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது பின்னால் இருக்கும் திரையையும் வானத்தையும்தான். 1905-இல் தம்பி இறந்தார், அடுத்த ஆண்டே அண்ணனும் போய்விட்டார். கட்டுரையில் தம்பிக்கு ஒரு பத்தியாவது சேர்த்துவிடுங்கள்.